வழுக்குத் துணியோடு குடித்தனம்: 170 சதுர அடிப் பரசூட், லைன் மாற்றியபின்

மாமாவின் மகன் ரொறன்ரோவில் வானத்திலிருந்து குதிக்கப் பழகி லைசென்சும் எடுத்துவிட்டான். எடுத்த கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு: “மச்சான், நீ வச்சிருக்கிற அதே கனோபி இங்க செகண்ட் ஹாண்டில பாதி விலைக்கு வருது. வாங்கட்டா?” ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட கிழமைதான் என் கனோபி, அதாவது பரசூட்டின் விரிகிற துணி, லைன் என்கிற தொங்கு கயிறுகளை மாற்றும் வேலை முடிந்து வீடு வந்து சேர்ந்தது. அதைத் திரும்ப மடித்துப் பைக்குள் திணித்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது ஒன்பது செல், அதாவது காற்று நிரம்புகிற அறை, 170 சதுர அடி, காற்றே புகாத ஸீரோ பொரொசிட்டி நைலோன் துணி, ஸ்பெக்ட்ரா என்கிற செயற்கை நூலில் லைன். மிச்ச விபரமெல்லாம் செய்தவனே போட்டிருப்பான். துபாயில் வேலை செய்த காலத்தில், பாலைவனத்தில் பழகி முடித்ததும் ஒருவரிடம் கைமாறி வாங்கியது. வேலையை விட்டுக் கோப்பாய்க்குத் திரும்பியபோது ஒரு கார் வாங்குகிற காசோடு வராமல் இந்தப் பையோடு வந்து நின்றேன் என்று அம்மாவுக்கு இன்றைக்கும் மனக்குறை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. இது விரிகிற விதம் தங்கம். 4,000 மீற்றர் உயரத்தில் பிளேனை விட்டு வெளியே வந்தால் ஒரு நிமிடம் அளவுக்கு, மணிக்கு 190 கிலோமீற்றர் வேகத்தில் விழுந்துகொண்டிருப்போம். அந்த வேகத்தில் இவ்வளவு பெரிய துணி பட்டென்று விரிந்தால் கழுத்து கழன்றுவிடும். அப்படி நடக்காமல் பார்ப்பது ஸ்லைடர் என்கிற சின்னச் சதுரத் துணி. நாலு மூலையிலும் வளையம், வளையங்களுக்குள்ளால் லைன்கள். காற்று அதை மேலே தள்ளி வைத்திருக்கும்; கனோபி பலம் பிடிக்கப் பிடிக்க மெல்ல மெல்லக் கீழே இறங்கும். என்னுடையது இந்த வேலையை அவசரமே இல்லாமல் செய்யும். கனோபியை வெளியே இழுக்கிற பைலட் சூட் என்கிற குட்டிப் பரசூட்டை எறிந்துவிட்டு மேலே பார்த்தால், நித்திரையால் எழும்புகிற ஆள் மாதிரி ஆறுதலாக ஒவ்வொரு செல்லாக ஊதும். இறங்குவதும் வடிவு. நிலத்துக்கு மூன்று நாலு மீற்றர் இருக்கையில் டோகிள் என்கிற இரண்டு கைப்பிடிகளையும் சீராகக் கீழே இழுத்தால் விழுவது நின்று, தரையோடு தரையாக வழுக்கிப்போய், இரண்டு அடி நடந்து நிற்கலாம். சேர்ட்டில் மண் ஒட்டாது.

ஆனால் மடிக்கிற வேலை இருக்கிறதே.

காற்று புகாத துணி என்றால், உள்ளே இருக்கிற காற்றும் வெளியே வராது என்றுதானே அர்த்தம். பழைய ரகத் துணி கொஞ்சம் மூச்சு விடும். மேலே படுத்தால் அடங்கும். இந்தத் துணிக்கு மேலே சிலிக்கன் பூச்சு. முன்பக்க வாய்களாலும் தையல் ஊசி போன துளைகளாலும்தான் காற்று வெளியேற வேண்டும். வலது பக்கத்தை முழங்காலால் அமுக்கினால் இடது பக்கம் புடைக்கும். இடதைப் பிடித்தால் நடுவால் ஒரு மடிப்பு நழுவி வெளியே வந்து சிரிக்கும். லைன்களை ஒழுங்காக எண்ணி, செல்களைப் புத்தகத் தாள் போலப் பிரித்து, ஸ்லைடரை நாலு பக்கமும் இழுத்து நடுவில் வைத்து, வாலைச் சுற்றிச் சுருட்டிக் கீழே கிடத்துகிற வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போகும். அதை மூன்றாக மடித்து டி-பாக் என்கிற உள்பைக்குள் தள்ள வேண்டிய அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் மானம் போகும்.

இதைக் கோப்பாயில் ஒரு வீட்டு ஹோலில் செய்து பாருங்கள். முதலாவது, மின்விசிறி போடக்கூடாது. போட்டால் துணி எழும்பி நடக்கத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் கதவையும் சாத்தி, விசிறியையும் நிறுத்தி, சீமெந்து நிலத்தில் முழங்காலில் நின்று ஒரு பரசூட்டோடு மல்லுக்கட்டுகிறவனின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை அதே துணியில் சொட்டும். உப்பு நைலோனுக்குக் கூடாது. துடைக்க ஒரு கை எடுத்தால், பிடித்து வைத்த மடிப்பு போய்விடும். முற்றத்தில் மாமர நிழலில் செய்யலாமே என்று அயலில் எல்லோரும் புத்தி சொல்வார்கள். வெயில்தான் இந்தத் துணிக்கு முதல் எதிரி, இரண்டாவது மண், மூன்றாவது எங்கள் வீட்டுச் சேவல். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் மட்டும் விசிறியை நிறுத்துகிற மனவருத்தம் எனக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் செல்களுக்குள் இருந்து துபாய் மணல் ஒரு பிடி கொட்டும். மாவு மாதிரி, லேசான செம்மஞ்சள் நிறம். அம்மா அதைக் கூட்டி அள்ளி ரோசாச் சட்டிக்குள் போடுவா.

கட்டாயம் மடிக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். மடிக்காமல் இது எந்தப் பயணப் பையிலும் அடங்காது. வருடத்தில் ஒரு தடவை காசு சேர்த்துத்தான் குதிக்கப் போகிறேன். போகுமுன் மடித்தே ஆகவேண்டும். பெரிய இடங்களில் காசு கொடுத்தால் மடித்துத் தர ஆள் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டு ஹோலில் யார் இருக்கிறார்கள்?

உச்சக்கட்டம் ஒரு விமான நிலையத்தில் நடந்தது. எது என்று சொல்லமாட்டேன், அடுத்த முறையும் அதனூடாகத்தான் போகவேண்டும். பைக்குள் சைப்ரஸ் இருக்கிறது. ஜேர்மனிக்காரனின் சின்னக் கணினி அது; 225 மீற்றர் உயரத்துக்கு வந்தும் நாம் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வ் என்கிற அவசரப் பரசூட்டை மூடியிருக்கிற நூலைத் தானே வெட்டிவிடும். எக்ஸ்ரேயில் அதன் வயரும் கத்தியும் தெரிந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அதற்கென்றே விளக்க அட்டை வைத்திருக்கிறேன். அதிகாரி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதைப் பார்த்தார், “திற” என்றார். திறந்தேன். “அதுக்குள்ள இருக்கிற பையையும்.” ஐயா, அதைத் திறந்தால் மூடுவது கஷ்டம் என்றேன். அப்படிச் சொன்னதுதான் சந்தேகத்தைக் கூட்டியிருக்கும். திறந்தேன். 170 சதுர அடியும் மேசையால் வழிந்து அவருடைய சப்பாத்துக்கு மேல் விழுந்தது. பிறகு பயணிகள் வரிசையாக நின்று பார்க்க அந்த மண்டப நிலத்திலேயே மடிக்கத் தொடங்கினேன். நேரம் போகப் போக அவருக்கே பொறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ஒரு பக்கத்தைத் தன் முழங்காலால் அமுக்கிப் பிடித்தார். நேர்மையாகச் சொன்னால் அவர் கொஞ்சம் நன்றாகவே அமுக்கினார்.

லைன் விஷயத்துக்கு வருகிறேன், அதற்குத்தானே காசு போனது. ஸ்பெக்ட்ரா லைன் மெல்லிசு, பலம், ஆனால் சூட்டுக்குச் சுருங்கும். ஸ்லைடர் உரசி இறங்குகிற சூடே போதும். எல்லா லைனும் ஒரே அளவாகச் சுருங்கினால் பரவாயில்லை. ஓரத்தில் இருக்கிற திருப்புகிற லைன்தான் கூடச் சுருங்கும். போன வருடம் நான் கையை எடுத்துவிட்டாலும் கனோபி இடது பக்கமே போய்க்கொண்டிருந்தது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டுகிற பொடியனுக்கு இதை ஒரு வசனத்தில் விளங்கப்படுத்தலாம்: பட்டத்தின் முச்சைக் கயிறு ஒரு விரல் பிசகினால் பட்டம் ஒரு பக்கம் குத்தும். இங்கே நானே பட்டத்தின் கீழே தொங்குகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். வேலை செய்த இடம் சொன்ன நாளுக்குத் தரவில்லை. ஆனால் வேலை சுத்தம். புது லைனில் கட்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன், பிசகு இல்லை. காசுதான் வலித்தது. 2022க்கு முதல் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் அந்த வருடம் 360ஐத் தொட்டதும், பிறகு 300ஐச் சுற்றி நிற்பதும் பொருளாதார நிபுணருக்குப் புள்ளிவிபரம். எனக்கு அது ஒரு லைன் செட்டின் விலை.

உடம்பைப் பற்றியும் அவன் கேட்டிருந்தான், ஜிம்முக்குப் போகவேணுமா என்று. யாழ்ப்பாணத்தில் இப்போது சந்திக்குச் சந்தி ஜிம். பொடியள் கண்ணாடிக்கு முன்னால் நின்று கைச்சதையை மட்டும் வளர்க்கிறார்கள். காலைப் பார்த்தால் கொக்கு. குதிக்கிறவனுக்குக் கைச்சதையால் ஒரு பயனும் இல்லை. இடுப்பை முன்னுக்குத் தள்ளி, முதுகை வில்லாக வளைத்து, நாடியை நிமிர்த்திக் கிடக்கத் தெரியவேண்டும். கழுத்தும் தோளும் இளகி இருக்கவேண்டும். இறங்குகிறபோது தொடை தாங்கவேண்டும். பந்தி மாதிரி நிலத்தில் சம்மணமிட்டு இருந்து எழும்பத் தெரிந்தவனுக்கு அதில் பாதி வந்துவிடும். மூச்சு வாங்குவது வானத்தில் இல்லை, மடிக்கிறபோதுதான்.

எடைதான் முக்கியம். உடம்பும் உடுப்பும் பையும் சேர்த்த எடையை இறாத்தலில் எடுத்து, கனோபியின் சதுர அடியால் வகுத்தால் வருகிற எண் 1.0ஐத் தாண்டக்கூடாது என்பது புதியவர்களுக்குச் சொல்கிற பொது விதி. கூடினால் வேகமும் கூடும், பிழைக்கு மன்னிப்புக் குறையும். நான் 67 கிலோ, சாமான் பத்து. 170 இறாத்தல், கணக்கு அச்சொட்டு. ஆவணி மாதக் கலியாண வீடுகள் முடிய இந்தக் கணக்கு பிழைக்கும். அதற்காக ஒடியல் கூழை விடச் சொன்னால் நான் குதிப்பதை விட்டுவிடுவேன்.

எங்கள் ஊரில் பரசூட் என்ற சொல்லுக்கே வேறு ஞாபகம். முன்வீட்டு ஐயா முதல்தரம் ஹோலை எட்டிப் பார்த்தபோது கேட்டது, “தம்பி, இது சாப்பாடு போட்டதோ, வெளிச்சம் போட்டதோ?” 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய அன்ரனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதி போட்டதைப் பார்த்தவர் அவர். வெளிச்சம் என்றது பரா லைற்றை, சண்டைக் காலத்தில் பரசூட்டில் தொங்கவிடுகிற வெளிச்சக் குண்டை. இரவில் அது தொங்கினால் பங்கருக்குள் போனவர்கள் நாங்கள் எல்லோரும். இவ்வளவு காசு கொடுத்து விளையாட்டுக்குக் குதிக்கிறேன் என்றதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, வேலியால் போய்விட்டார்.

தேத்தண்ணிக் கடையில் வேறு கதை. 2019 ஒக்ரோபரில் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, இடையில் நின்று, 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்ததில் இருந்து எல்லோரும் சுற்றுலா நிபுணர்கள். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தபின் இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. “அண்ணை, கசூரினாக் கடற்கரையில குதிக்க விட்டா வெள்ளைக்காரன் வந்து குவிவான்” என்கிறார்கள். வருவான். ஒரு செஸ்னா கரவன் விமானமும், அதைப் பழுது பார்க்க ஆளும், எரிபொருளும், ரிசர்வ் மடிக்க அனுமதி உள்ள ரிகரும், வான்பரப்பில் இடமும் இருந்தால் வருவான். இதெல்லாம் ஒருநாள் நடக்கட்டும். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் போனவர்களில் இன்னும் தங்கள் வளவைப் பார்க்கக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் நடந்து உள்ளே போகட்டும், நாங்கள் பிறகு மேலால் வரலாம்.

சரி மச்சான், உன் கேள்விக்குப் பதில்: வாங்காதே. விரிவது தங்கம், இறங்குவது வடிவு, எல்லாம் மேலே எழுதியிருக்கிறேன், இருந்தாலும் வாங்காதே. நீ 84 கிலோ என்று மாமி சொன்னா. சாமானோடு 95 வரும், அது 209 இறாத்தல். 170இல் அது 1.2க்கு மேல். 210 ஒன்று தேடு, சில நூறு குதிப்புப் பார்த்துத் துணி இளகினதாக இருந்தால் இன்னும் நல்லது, பைக்குள் போகும். லைன் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேள். கேட்டுவிட்டு ஸ்லைடர் வளையத்தையும் திருப்புகிற லைனையும் கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்பு. என்னுடையதை உனக்குத் தருவேனா என்று மட்டும் கேட்காதே. போன மாதம் துபாயில் இருந்து ஒருவன் நல்ல விலை கேட்டான், அவனுக்கே இல்லை என்றுவிட்டேன்.