பட்டமர ஏரியில் நான்கு வருடம்: எந்தத் தூண்டில் நரம்பு தாங்கியது?

கிழக்கு டெக்சஸில் ஒரு பண்ணைக்காரருக்குச் சொந்தமான ஏரியில் நான்கு வருடமாகப் பாஸ் மீன் பிடித்து வருகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு படகுகளுக்கு மேல் விடமாட்டார். ஓடையை மறித்துக் கரை போட்டபோது உள்ளே இருந்த மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஏறியதும் அவை பட்டுப்போய்விட்டன, ஆனால் விழவில்லை. பக்கத்து மாவட்டத்து லேக் ஃபோர்க்கும் இதே கதைதான்; அங்கேயும் நிறைய மரத்தை விட்டுவைத்துத்தான் 1980களில் ஏரியை நிரப்பினார்கள். டெக்சஸ் மாநிலத்தில் பதிவான மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் அங்கேதான் கிடைத்தது.

மரம் இருந்தால் ஏன் மீன் இருக்கிறது என்பது விராலைத் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். பாஸும் அப்படித்தான், தூரம் துரத்திப் போகாது. நிழலில் அசையாமல் நிற்கும், இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல். முள் பட்டவுடன் மறுபடி அந்த மரத்துக்குள்ளேதான் ஓடும். அதனால் இங்கே மீனைப் பிடிப்பதும் விடுவதும் முதல் இரண்டு விநாடிக்குள் முடிவாகிவிடும். ராடு (தூண்டில் கோல்), ரீல் (நரம்பு சுற்றும் உருளை) பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் நரம்பைப் பற்றியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஏரியில் அதிகம் இழந்தது அதனால்தான்.

முதல் இரண்டு வருடம் 65 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு நரம்பு போட்டிருந்தேன். பின்னிய நூல் மாதிரி இருக்கும், துளியும் நீளாது. மரக்கட்டைக்குள் இருந்து மீனைப் பிய்த்து எடுக்க இதுதான் சரி என்று கடையில் சொன்னார்கள். எனக்கும் நியாயமாகவே பட்டது. இரண்டாவது வருடம் மே மாதம் ஒரு நல்ல மீன் கவ்வி, ஒரு கிளையைச் சுற்றிக்கொண்டது. ராடை எவ்வளவு வளைத்தும் நரம்பு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. படகைக் கிட்டே கொண்டுபோவதற்குள் மீன் போய்விட்டது. கிளையைப் பார்த்தேன். ஊறி மெத்தென்று ஆகியிருந்த மரத்தில் பென்சில் முனை அகலத்துக்கு ஒரு வெட்டு. அதற்குள் நரம்பு முழுசாக இறங்கி உட்கார்ந்திருந்தது. விரலால் எடுக்க முடியவில்லை, கத்தியால் கீறித்தான் எடுத்தேன். பிரெய்டு அறுந்துபோகவில்லை. ரம்பம் மாதிரி மரத்தை அறுத்து அதற்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

அதற்கப்புறம் 20 பவுண்டு ஃபுளோரோகார்பனுக்கு மாறினேன். இது ஒற்றை இழை, மேல்பரப்பு வழுவழுப்பானது. கிளைமேல் பட்டால் அறுக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். பலம் குறைவுதான், ஆனால் இந்த இரண்டு வருடத்தில் மரத்தில் சுற்றி நான் இழந்த மீன் இரண்டே இரண்டு. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது என்று விற்கிறார்கள். தேநீர் நிறத்தில் இருக்கும் இந்தத் தண்ணீரில் அது எனக்குப் பெரிய காரணமாகத் தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. முடிச்சை எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் பலமிழந்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், கிளையில் நன்றாக உரசிய ஒவ்வொரு முறையும், கடைசி ஒரு மீட்டரை நகத்துக்கும் விரலுக்கும் நடுவில் இழுத்துப் பார்க்கிறேன். சொரசொரப்பு பட்டால் இரண்டு அடி வெட்டிவிட்டு மறுபடி முடிச்சு. ஒரு நாளில் எட்டு, பத்து தடவை இது நடக்கும். குளிர்காலத்தில் ஸ்பூலிலிருந்து சுருள் சுருளாக வந்து ரீலில் கூடு கட்டிக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். வெட்டிய துண்டுகளை ஒரு பாட்டிலில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறேன். நாரையின் காலில் நரம்பு சுற்றியிருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டேன், அதன்பின் ஒரு துண்டுகூட ஏரியில் விழவிட மனம் வரவில்லை.

நரம்பின் நுனியில் டெக்சஸ் ரிக் என்ற இரை அமைப்பு. துப்பாக்கி ரவை வடிவத்தில் 10 கிராம் ஈயக்குண்டு, 4/0 அளவு முள், ஏழு அங்குல ரப்பர் புழு. முள்ளின் முனை புழுவின் உடம்புக்குள்ளேயே புதைந்திருப்பதால் கிளையில் மாட்டாது; மீன் கவ்வியபின் ஓங்கி இழுத்தால்தான் புழுவைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஈயக்குண்டு நழுவாமல் ஒரு சிறு ரப்பர் ஆப்பு வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் குண்டு கிளைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும், புழு இந்தப் பக்கம் தொங்கும்.

போன மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை. தண்ணீர் 17 டிகிரி, முட்டையிட மீன்கள் ஆழமற்ற பக்கம் நகரும் சமயம். பழைய ஓடை வளையும் இடத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு பட்டமரங்கள். நடுவில் புழுவை இறக்கினேன். இறங்கிக்கொண்டே இருந்த நரம்பு பாதியில் நின்றுவிட்டது. தரை அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். இழுத்தேன். மீன் வலதுபக்க மரத்தைச் சுற்றியது, நரம்பு பட்டையில் கரகரவென்று உரசுவது கைப்பிடி வரைக்கும் தெரிந்தது. ஆனாலும் வழுக்கி வந்துவிட்டது. 3.2 கிலோ. கீழ்த்தாடையை ஒரு கையாலும் வயிற்றை இன்னொரு கையாலும் தாங்கித்தான் தூக்கினேன், அந்த எடையைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டால் அதற்கு அடிபடும். முட்டை நிறைந்த பெண் மீன். அதே மரத்தடியிலேயே விட்டேன். நரம்பைப் பார்த்தால் கடைசி அரை மீட்டர் மணல்தாள் மாதிரி இருந்தது.

கோடையில் கதை மாறும். காற்று அசையாத ஏரியில் அடித்தண்ணீர் குளிர்ந்து, பிராணவாயு இல்லாமல் தனி அடுக்காக நின்றுவிடும். அப்போது மீன் அடிமரத்தில் இருக்காது, நீருக்குள் நடுமரத்தில் முதல் பெரிய கிளை பிரியும் இடத்தில் நிற்கும். புழுவைத் தரைவரை இறக்கி நான் ஒரு முழுக் கோடையை வீணாக்கினேன்.

படகில் போகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம். நீருக்கடியில் தெரியாத கட்டைகளில் மெதுவாக மோதினாலே ஆள் தடுமாறிவிடும். காற்று பலமாக அடிக்கும் நாளில் நான் மரங்களுக்குள் போவதே இல்லை, மேல்கிளைகள் ஒடிந்து விழும்.

பிரெய்டைத் தூக்கிப்போடவில்லை. ஏரியின் வடக்கு மூலையில் மரமே கிடையாது, அல்லி இலை மூடிக் கிடக்கும். அங்கே இலையின் தண்டை அறுத்துக்கொண்டு வர அதுதான் வேண்டும். மிதக்கும் ரப்பர் தவளைக்கும் அதுதான் பொருந்தும், ஏனென்றால் ஃபுளோரோகார்பன் தண்ணீரில் மூழ்கித் தவளையின் மூக்கைக் கீழே இழுக்கும். அதற்கென்று ஒரு ராடைத் தனியாக வைத்திருக்கிறேன்.