ட்ரேசோரா டெலினாவா? பழவாசம் கலந்த ரோஜா செண்ட்ல எது நம்ம வெயிலுக்கு

ரோஜா செண்ட் வாங்கணும்னு யார் வந்து கேட்டாலும் நான் முதல்ல கேக்குறது, உங்களுக்கு பன்னீர் ரோஜா வாசம் வேணுமா ரோஸ்மில்க் வாசம் வேணுமான்னுதான். ஒண்ணு பூக்கடைல தண்ணி தெளிச்சு வெச்ச கூடைகிட்ட குனிஞ்சா வர்றது, இன்னொண்ணு எசன்ஸ் பாட்டில் மூடிய தொறந்ததும் மூக்குல ஏறுறது. இனிப்பும் பழமும் சேர்ந்த ரோஜா பெர்ஃப்யூம்ல முக்காவாசி இந்த ரெண்டாவது பக்கம் சாஞ்சிடும். சாயாம நிக்கிறதுல ரெண்ட இந்த கோடை முழுக்க மாத்தி மாத்தி போட்டு பாத்தேன், லான்கோம் ட்ரேசோர், அப்புறம் பர்ஃப்யூம்ஸ் டி மார்லியோட டெலினா.

ட்ரேசோர் 1990ல வந்தது. செஞ்சவங்க சோஃபியா க்ரோஸ்மன், 1983ல இவ் சான் லாரான் கம்பெனிக்கு பாரிஸ்னு ஒரு ரோஜா செண்ட் செஞ்சவங்களும் அவங்கதான், ரோஜா அவங்களுக்கு கை வந்த பூ. இதுல ரோஜா எது பீச் எதுன்னு பிரிச்சு சொல்லவே முடியாது, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு, கீழ பவுடர் பூசின மாதிரி ஒரு மெத்துமெத்துப்பு வரும். முதல் தடவ அடிச்சிட்டு ஹாலுக்கு வந்தப்ப அம்மா "என்னடி, குல்கந்து டப்பாவ தொறந்தியா"ன்னாங்க. சரியான வார்த்தை அது. ரோஜாக்குள்ளயே பழம் இருக்கு, டமாசினோன்னு ஒரு பொருள் ரோஜா எண்ணெய்ல துளியூண்டுதான் இருக்கும், ஆனா அந்த ஜாம் மாதிரி வாசனைக்கு அதுக்கு பெரிய பங்கு. அதனால பழம் சேத்தா ரோஜா கெட்டுப்போச்சுன்னு சொல்றவங்க பேச்ச நான் ஒத்துக்கறதே இல்ல.

டெலினா 2017, செஞ்சது க்வென்டின் பிஷ். இங்க பழம் லிச்சி, கூட ருபார்ப்னு ஒரு புளிப்புத் தண்டு. லிச்சிய உரிச்சு வாயில போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ மோந்து பாருங்க, ரோஜா தெரியும். கற்பனை இல்ல, ரோஸ் ஆக்ஸைடுனு ஒண்ணு ரோஜாலயும் இருக்கு லிச்சிலயும் இருக்கு, ரெண்டும் பங்காளிங்க. அதனாலதான் டெலினாவுல பழம் மேல ஒட்டவெச்ச மாதிரி இல்லாம ரோஜாவே கொஞ்சம் ஈரமா புளிப்பா மலர்ந்த மாதிரி வருது, அந்த புளிப்புதான் இனிப்ப திகட்ட விடாம பிடிச்சு நிறுத்துது. ரசத்துல புளி பண்ற வேலை.

இப்ப வெயில். ட்ரேசோர நான் ஒரு கடைல பேப்பர் துண்டுல மட்டும் மோந்துட்டு அங்கயே காசு கட்டிட்டு வந்தேன், ஏசி ரூம்ல அவ்ளோ அழகா இருந்துச்சு. அடுத்த நாள் மே மாச மத்தியானம் பஸ் ஸ்டாப்ல இருபது நிமிஷம் நின்னப்பதான் தெரிஞ்சுது, வேர்வை பட்டதும் அந்த பீச் வீங்கி கெட்டியாகி கழுத்துலயே உக்காந்துருச்சு, கைக்குட்டையால தொடச்சாலும் போகல, பக்கத்துல நின்ன அக்கா ஒரு அடி தள்ளி நின்னாங்க. எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு. பேப்பர்ல பாத்து இனிப்பு செண்ட் வாங்கவே வாங்காதீங்க, முழங்கை உள்பக்கம் ஒரு ஸ்ப்ரே அடிச்சிட்டு கடைய விட்டு வெளிய வந்து வெயில்ல நடங்க, மூணு மணி நேரம் கழிச்சு மோந்துட்டு முடிவு பண்ணுங்க.

அதே வெயில்ல டெலினா தப்பிச்சுது. காலைல ஒம்போதுக்கு ரெண்டே ஸ்ப்ரே, மூணு மணிக்கு மணிக்கட்ட மூக்குகிட்ட கொண்டுபோனா லிச்சி போயிருக்கு, ரோஜா இருக்கு, கீழ லேசா மரக்கட்டை வாசம், பக்கத்துல துவைச்சு காயப்போட்ட துணி மாதிரி மஸ்க். அந்த மஸ்க் கொஞ்சம் சத்தமானது, சிலருக்கு அது ஷாம்பு மாதிரி தெரியும், எனக்கே நாலு ஸ்ப்ரே அடிச்ச அன்னிக்கு தலைய வலிச்சுது. விலையும் சொல்லணும், டெலினா ஒண்ணு வாங்குற காசுக்கு ட்ரேசோர் ரெண்டு வாங்கலாம். துபாய் கம்பெனிகள் போடுற டெலினா காப்பிகள் குறைஞ்ச விலைல கிடைக்குது, நான் பாத்தது முதல் அரை மணி நேரம் அச்சு அசலா இருந்துச்சு, அப்புறம் புளிப்பு எறங்கி வெறும் இனிப்பு, நேரா ரோஸ்மில்க்.

நடுவுல க்ளோயேன்னு இன்னொரு செண்டும் ஒரு வாரம் போட்டேன், 2008ல வந்தது, அதுலயும் லிச்சி ரோஜாதான், சோப்பு போட்டு குளிச்சிட்டு வந்த மாதிரி பதவிசா இருக்கு, ஆபீசுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. என் தோல்ல மதியச் சாப்பாட்டுக்குள்ள காணாம போயிடுது, அவ்ளோதான்.

அப்போ டெலினாதான் ஜெயிச்சுதான்னு கேட்டா, பகலுக்கு ஆமா, ஆனா ட்ரேசோர ஒதுக்க எனக்கு மனசு வரல. போன மார்கழில ஒரு ரிசப்ஷனுக்கு பட்டுப்புடவை கட்டிட்டு ட்ரேசோர் ஒரே ஒரு ஸ்ப்ரே, அதுவும் ப்ளவுஸுக்குள்ள தோள்ல (பட்டு மேல நேரா அடிக்காதீங்க, கறை படியும்), தலைல ஜாதிமல்லி. ரெண்டும் சேர்ந்தப்ப ஏதோ ஒரே பூ மாதிரி ஆயிடுச்சு, எங்க செண்ட் முடியுது எங்க பூ ஆரம்பிக்குதுன்னே தெரியல. அப்புறம் படிச்சேன், ஜாதிமல்லிலயே பீச் வாசம் குடுக்குற லாக்டோன் ஒண்ணு இருக்காம், அதான் அப்டி ஒட்டிக்கிச்சு. டெலினாவ அதே பூவோட போட்டப்ப ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுச்சு, புளிப்பு தனியா பூ தனியா நின்னுச்சு. பத்து நாள் கழிச்சு பீரோவ தொறந்தா அந்த ப்ளவுஸ்ல இன்னும் ட்ரேசோர் இருந்துச்சு, லேசா, பவுடர் டப்பா அடில மிஞ்சின மாதிரி, நான் அத தோய்க்கப் போடாம இன்னும் ரெண்டு நாள் அங்கயே தொங்க விட்டேன்.

மே, ஜூன் முழுக்க கைப்பைல டெலினா டிகான்ட்தான் (சின்ன பாட்டில்ல மாத்தி ஊத்தினது) இருக்கும். தை மாசம் தங்கச்சி கல்யாணம் வருது, அதுக்கு ட்ரேசோர், பூக்கார அக்காகிட்ட ஜாதிமல்லி ரெண்டு முழம் இப்பவே சொல்லி வெச்சாச்சு.