ஃபேஸ்லிஃப்ட் அறுவையா, ஃபில்லர் ஊசியா?

கன்னமும் தாடையும் தளர்ந்ததாக வருந்தும் கோலாலம்பூர்வாசிகள் சிலர், ஊசியையும் அறுவையையும் ஒரே சிகிச்சையின் இரு விலைகளாகக் கருதுவது எனக்குக் கவலை தருகிறது. தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் ஜெல்லான ஹையலுரானிக் அமில ஃபில்லர் பள்ளத்தை நிரப்புமே தவிர, தொங்கும் தோலை இழுத்துப் பிடிக்காது. பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களில் கரைந்துவிடும். தளர்ந்த முகத்தைத் தூக்கி நிறுத்தும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை தோலுக்கு அடியிலுள்ள படலத்தையே இறுக்குவதால் பல ஆண்டுகள் நிலைக்கும். ஆனால் காதோரத் தழும்பு, இரத்தக்கட்டு, அரிதாக முக நரம்புப் பாதிப்பு ஆகியவற்றுக்கு இடமுண்டு, புகைப்பவர் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தாவிட்டால் தோல் ஆறாமல் கருகவும் கூடும். ஊசி எளிதென்று எண்ணி அழகு நிலையத்தில் போட்டுக்கொள்வது பேராபத்து, ஏனெனில் ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்தால் பார்வையே பறிபோகலாம். அறுவைக்குத் தேசிய நிபுணர் பதிவேட்டில் உள்ள பிளாஸ்டிக் அறுவை நிபுணரையும், ஊசிக்குச் சுகாதார அமைச்சின் அழகியல் மருத்துவச் சான்று பெற்ற மருத்துவரையும் விசாரித்து அணுகுங்கள்.