வௌவால் டிடெக்டரும் ஐந்து எலிகளும்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் முதல் வளர்ப்பு எலிகளில் ஒருவனான மிளகு வந்த இரண்டாம் நாள் இரவு. மடியில் படுத்திருந்தவனைக் காதுக்குப் பின்னால் மெல்லச் சொறிந்துவிட்டேன். பல்லை நறநறவென்று அரைக்கத் தொடங்கினான். கூடவே இரண்டு கண்களும் குழியை விட்டு வெளியே துருத்துவதும் உள்ளே போவதுமாகத் துடித்தன. வலிப்பு என்றே நினைத்துவிட்டேன். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு செருப்பும் மாட்டியாகிவிட்டது. வாசலில் நின்று துண்டை விலக்கிப் பார்த்தால், ஐயா தூங்கிப்போயிருந்தார்.

எலியின் தாடையை அசைக்கும் தசையில் ஒரு பகுதி கண்ணுக்குப் பின்னால் போகிறது. முன்பற்களை வேகமாக ஒன்றோடொன்று உரசும்போது அந்தத் தசை கண்ணை உள்ளிருந்து தள்ளும். அந்தப் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை என்பதால், உரசினால் கொஞ்சம் தேயவும் செய்யும். பெரும்பாலும் சொக்கிப்போன எலிதான் இதைச் செய்கிறது. 'பெரும்பாலும்' என்பதை நான் பிறகு மறந்துபோனேன். அதனால் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

நான்கு ஆண்டுகளில் ஐந்து எலிகள். முதலில் அண்ணன் தம்பிகளான மிளகு, கோலி. ஓராண்டு கழித்து சுண்டு. அவர்கள் இருவரும் போன பிறகு, சுண்டுவுக்குத் துணையாக எள்ளு, தும்பை என்ற இரண்டு பெண்கள் (அதற்கு முன்பே சுண்டுவுக்குக் கருத்தடை முடிந்துவிட்டது, கவலை வேண்டாம்). சுண்டு வந்த சமயத்தில்தான் வௌவால் டிடெக்டர் வாங்கினேன். வௌவாலின் மீயொலியை நம் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும் கையடக்கக் கருவி அது. எலி வைத்திருப்பவருக்கு அது எதற்கு என்றால், எலிகளின் பேச்சில் பெரும்பகுதி நமக்குக் கேட்பதே இல்லை. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வயது ஏறினால் அதுவும் இல்லை. எலியின் காது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே போகும்.

நமக்குக் கேட்பவை கொஞ்சம்தான். ஒருவன் இன்னொருவனை அமுக்கிப் பிடித்து வலுக்கட்டாயமாகக் கழுத்தைச் சுத்தம் செய்யும்போது, கீழே கிடப்பவன் 'விடேன்டா' என்பதுபோலக் குட்டிக் குட்டியாகக் கீச்சிடுவான். இதற்கெல்லாம் ஓட வேண்டாம். நீளமாக, உடைந்த குரலில் ஒரு அலறல் வந்தால் ஓடுங்கள். வாயைத் திறந்து 'ஸ்ஸ்' என்று காற்றை விட்டால் கையை எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஊரைக் கூட்டியவன் கோலி. ஐந்து பேரில் ஒரு கீறல்கூட வாங்காதவனும் அவன்தான்.

இனி கருவி. நான் வாங்கியது சாதாரண வகை. ஒரு திருகு இருக்கும். அதில் ஓர் அதிர்வெண்ணை வைத்தால், அதை ஒட்டி வரும் மீயொலி மட்டும் கேட்கும். திருகின் எண்ணுக்கும் எலியின் குரலுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் காதுக்கு ஒலியாக வரும். எலிகளிடம் கவனிக்க வேண்டியவை இரண்டு இடங்கள். ஒன்று 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம்: விளையாட்டு, எதிர்பார்ப்பு, பிடித்த ஆள். இங்கே ஒவ்வொரு குரலும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இன்னொன்று 22 பக்கம்: பயம், ஆபத்து, தோல்வி. இது அரை வினாடியில் இருந்து சில வினாடிகள் வரை இழுக்கும். ஆணெலி கலவி முடித்த பிறகும் இதே 22-இல் நீளமாகக் குரல் கொடுக்கும் என்பதால், ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் கூண்டில் இதை உடனே துயரம் என்று முடிவு கட்டக்கூடாது.

1990களின் இறுதியில் யாக் பான்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டி இந்த 50-ஐக் கேட்டார். அதை மனிதச் சிரிப்பின் தூரத்து உறவு என்று அவர் சொன்னபோது நம்பாதவர்கள் நிறைய. நானும் அரைகுறையாகத்தான் நம்பினேன். முதல் நாள் திருகை 50-இல் வைத்துவிட்டுக் கூண்டுக் கதவைத் திறந்தேன். கை இன்னும் உள்ளே போகவில்லை. சூடான எண்ணெயில் கடுகு விழுந்ததுபோலப் படபடவென்று பொரிந்தது கருவி. கோலி! பிடரியில் விரலால் குறுகுறுத்து, புரட்டிப் போட்டு வயிற்றில் தொட்டால், பொரிவு நிற்கவே இல்லை. கையை எடுத்தால் அதைத் துரத்திக்கொண்டு வந்தான். ஓராண்டாக இந்தச் சத்தம் என் முகத்துக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மிளகு மட்டும் அதே விளையாட்டில் ஏறக்குறைய ஊமை. எலிக்கு எலி இது நிறையவே மாறும். ஒருவன் பொரியவில்லை என்பதற்காக அவன் சந்தோஷமாக இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மிளகு தன் பிரியத்தை மடியில் படுத்துக் கண்ணைத் துருத்திக் காட்டுபவன், அவ்வளவுதான். காதையும் பாருங்கள்: கிச்சுகிச்சு முடிந்த எலியின் காது சற்று இளஞ்சிவப்பாகி, பக்கவாட்டில் தளர்ந்து விழுகிறது என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. மிளகின் காதில் அது நன்றாகவே தெரியும்.

கருவிக்குக் கொடுத்த காசு எனக்குத் திரும்பி வந்தது சுண்டுவைச் சேர்த்துவைத்த நாட்களில். யாருடைய வாடையும் இல்லாத பொது இடம் வேண்டும் என்று குளியலறையில் விட்டேன். மிளகின் முடி மொத்தமும் நிமிர்ந்துவிட்டது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷுக்கு நான்கு கால் முளைத்ததுபோல. முதுகை வளைத்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, நண்டு நடையில் சுண்டுவைச் சுவரோரம் தள்ளிக்கொண்டே போனான். வாலின் நுனி தரையில் பாம்புபோல நெளிந்தது. காதுக்கு எந்தச் சத்தமும் இல்லை. திருகை 20-க்குக் கொண்டுவந்தேன் (சரியாக 22-இல் வைத்தால் வித்தியாசம் குறைந்து வெறும் உறுமலாகிவிடும், இரண்டு மூன்று எண் தள்ளி வைத்தால்தான் விசில்போலத் தெளியும்). நீளமான, ஒரே சுருதியில் ஒரு விசில். நின்றது. மறுபடி அதே விசில். மூலையில் தரையோடு ஒட்டிக் கிடந்த சுண்டுவின் விலா, ஒவ்வொரு விசிலுக்கும் மெல்ல உள்ளே ஒடுங்கியது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே கத்துகிறான். உடனே பிரித்துவிட்டேன். அந்தக் கருவி இல்லாவிட்டால், 'சண்டையே போடவில்லையே, பழகிக்கொள்வார்கள்' என்று இன்னும் அரைமணி நேரம் விட்டிருப்பேன்.

பிறகு மூன்று வாரம் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, படுக்கைத் துணியை மாற்றி மாற்றிப் போடுவது, தினமும் பத்து நிமிடச் சந்திப்பு. ஒருநாள் இருவரும் கட்டிப் புரண்டார்கள். காதுக்குக் கேட்ட கீச்சில் வீட்டில் இருந்த எல்லாரும் 'பிரி பிரி' என்றார்கள். நான் வாய் எங்கே போகிறது என்று பார்த்தேன். விளையாடும் எலி எதிராளியின் பிடரியைத் தேடும். நிஜமாகவே கோபம் என்றால் கடி பின்பக்கத்திலும் விலாவிலும் விழும். இங்கே இரண்டு மூக்கும் பிடரியைத்தான் தேடின, முடி படிந்தே இருந்தது, கீழே கிடந்தவன் எழுந்து தானாகவே திரும்பிப் போனான். கருவியோ 50-இல் பொரிந்து தள்ளியது. விட்டுவிட்டேன். அதற்கு முந்தைய வாரம் நிஜச் சண்டை ஒன்றில் வெறும் கையை நடுவில் விட்டதன் தழும்பு என் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. தடித்த துண்டை மேலே போடுங்கள், கையை விடாதீர்கள்.

சரி, அந்தப் பல்லரைப்புக் கதை. கோலிக்கு ஏறக்குறைய இரண்டு வயது இருக்கும்போது, இரண்டு நாளாகக் கூண்டின் மூலையில் உட்கார்ந்து நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தான். 'பாரேன், எவ்வளவு நிம்மதியாக இருக்கிறான்' என்று நானே சொன்னேன். அந்தச் சத்தத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முதுகு கூன் போட்டிருந்தது. முடி கோபத்தில் நிமிர்ந்ததுபோல இல்லாமல், வாரப்படாமல் கலைந்து கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. எலி வலியில் இருக்கும்போது கண் சுருங்குவது, மூக்கும் கன்னமும் தட்டையாவது, காது மடிந்து திரும்புவது, மீசை விறைப்பது ஆகிய நான்கையும் வைத்து 2011-இல் ஆய்வாளர்கள் ஒரு முகபாவ அளவுகோலே உருவாக்கினார்கள். கோலியின் முகத்தில் அந்த நான்கில் குறைந்தது மூன்று இருந்திருக்கும். மூன்றாம் நாள் கண்ணோரமும் மூக்கிலும் சிவப்பாக ஒட்டியிருந்ததைப் பார்த்து ரத்தம் என்று பதறினேன். ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியில் இருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி. நன்றாக இருக்கும் எலி அவ்வப்போது முகம் கழுவி அதைத் துடைத்துவிடும். உடம்பு முடியாமலோ மன அழுத்தத்திலோ இருந்தால் அது அதிகம் சுரக்கும், முகம் கழுவவும் தெம்பு இருக்காது.

அவனை எடுத்து, போன் பேசுவதுபோல விலாவைக் காதோடு வைத்தேன். உள்ளே ஈரமான நொறுநொறுப்பு. எங்கள் மருத்துவர் மூச்சுத் தொற்று என்றார். வளர்ப்பு எலிகளில் மைக்கோபிளாஸ்மா மிகப் பரவலாக இருக்கும் கிருமி, உள்ளுக்குள்ளேயே இருந்து சமயம் பார்த்து எழும். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சில வாரம் கொடுத்தோம். தேறி, இன்னும் ஐந்து மாதம் இருந்தான். புது வீட்டுக்கு வந்த எலி முதல் சில நாள் தும்முவது சகஜம்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் 'டிக் டிக்' என்றோ கோழி கொக்கரிப்பதுபோலவோ கேட்டால் காத்திருக்க வேண்டாம். எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கப் படைக்கப்பட்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டியதுதான்.

இதில் என்னை உறுத்திய விஷயம் வேறு. அந்த இரண்டு நாளும் கருவி கூண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரவில் போட்டும் கேட்டேன். 22-இல் ஒரு முனகல்கூட இல்லை. நோயில் கிடந்த கோலி யாரிடமும் எதையும் சொல்லவில்லை. 50-இல் வழக்கமான பொரிவு நின்றிருந்ததைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கருவியைப் போட்டால் கூடவே கண், முதுகு, முடி மூன்றையும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் பாதி நாள் பார்வையிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

பெண்கள் வந்த பிறகு இரண்டு புதுப் பயங்கள், இரண்டுமே வீண். எள்ளுவின் முதுகில் கை வைத்தால் துள்ளிப் பாய்ந்து நின்று, முதுகைக் குழித்து, காதைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் படபடவென்று அதிரவிடுவாள். அது சினைப்பருவம், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை வரும். தும்பை வெள்ளை, சிவப்புக் கண். தலையைப் பாம்பாட்டி முன்னால் நிற்பதுபோல இடமும் வலமும் ஆட்டுவாள். சிவப்புக் கண் எலிகளுக்குப் பார்வை மங்கல். தலையை ஆட்டினால் பக்கத்தில் இருப்பது அதிகமாகவும் தூரத்தில் இருப்பது குறைவாகவும் நகரும், அதை வைத்துத் தூரத்தைக் கணிக்கிறாள். குதிக்கும் முன் அதிகமாக ஆடுவதைப் பார்த்தால் புரியும்.

கருவியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று எலி சேர்ந்து இருந்தால் யார் பேசியது என்று அதற்குத் தெரியாது. விலாவைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். 50-இலேயே தட்டையான குரல், அதிரும் குரல் என்று வகைகள் உண்டு. அதிர்வதுதான் மகிழ்ச்சியோடு அதிகம் சேர்ந்து வருவது. இந்தச் சாதாரண வகையில் இரண்டும் ஒரே பொரிவுதான். பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் முழு அலைவரிசையையும் பதிவு செய்து படமாகக் காட்டும் வகைக்குப் போக வேண்டும். இன்னொரு தொல்லை, வீட்டில் எல்லாமே மீயொலி எழுப்பும்: சாவிக்கொத்து, பிளாஸ்டிக் பை, விரலோடு விரல் உரசுவது. சாவியை ஆட்டிவிட்டு 'எலி சிரிக்கிறது' என்று ஒரு வாரம் எழுதிவைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. போனில் எலி மொழிபெயர்க்கும் செயலி என்று ஏதாவது வந்தால் நம்ப வேண்டாம். போன் பொதுவாக வினாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை ஒலியைப் பதிகிறது. அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் அதில் ஏறவே ஏறாது. அதாவது 50 அங்கே கிடையாது.

இந்தத் தொல்லையே ஒருமுறை உதவியது. கூண்டின் இடது மேல்தட்டில் எவருமே படுக்க மாட்டார்கள். ஒருநாள் கருவியை அங்கே காட்டினால் ஓயாத இரைச்சல். பக்கத்துச் சுவரில் இருந்த விளக்கின் அடாப்டர். எனக்கு ஒன்றும் கேட்காது, அவர்களுக்குக் காதருகே நாள் முழுக்க விசில். கழற்றி அடுத்த அறைக்கு மாற்றினேன். நான்காம் நாள் காலையில் தும்பை அந்தத் தட்டில் மல்லாந்து கிடந்தாள், கால் நான்கும் நான்கு திசையில்.