தொட்டிப் பூதத்துக்கு ஒரு துண்டு

மதுரை திருநகரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டச் சொல்லித் தருகிறார்கள், நான்கு வாரம், 800 ரூபாய், பயத்தைப் பாட்டாக்குவதுதான் பாடமே என்று தெரு வாட்ஸப் குழுவில் வந்தது. மகளுக்கு ஏழு வயது. எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி வாசலுக்கு அடியில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் போட்டால் 'ஊ' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான், எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். தொட்டிக்குள் ஆள் இருக்கிறானாம். மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டியதில் பயம் கூடியதுதான் மிச்சம், ஏனென்றால் உள்ளே அவள் முகமே ஆடிக்கொண்டு தெரிந்தது. சரி, போய்த்தான் பார்ப்போம் என்று சேர்த்துவிட்டேன்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் கோடை வகுப்புக்கு அனுப்பியிருந்தோம், அங்கே எல்லாப் பாட்டும் 'பயம் வேண்டாம் பாப்பா' என்றே முடியும். பயப்படுகிற பிள்ளையிடம் பயப்படாதே என்றால் எப்படி? இங்கே அந்தப் பேச்சே இல்லை. நடத்துகிற அக்கா முதல் நாள் கேட்டதே, "உன் பயத்துக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், சொல்லு தங்கம்?" என்றுதான். மாடி முழுக்கக் கத்தல். ஒருத்தன் பூச்சாண்டிக்குப் பருத்திப்பால் என்றான். மூணு கண்ணனுக்குக் கண்ணாடி வாங்கினால் மூணாவது கண்ணுக்கு என்ன செய்வான் என்று ஒரு வாண்டு கேட்டது, அதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் இரண்டாவது கேள்வி: அது எதைப் பார்த்துப் பயப்படும்? இந்த இடத்தில்தான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எதுகை, மோனை என்ற பெயரெல்லாம் கடைசியில்தான் வந்தது. முதலில் தொடையில் தாளம் தட்டி 'தொட்டி' என்று சொன்னதும் அதே மாதிரி வருகிற சொற்களை ஆளுக்கொன்றாக எறிய வேண்டும்: மொட்டை, பட்டை, குட்டி, சட்டை. எல்லாவற்றிலும் இரண்டாவது எழுத்து 'ட்' என்று ஒரு பையனே கண்டுபிடித்தான், அதற்குப் பிறகே அக்கா "அதுக்குப் பேர்தான் எதுகை" என்றார். நான் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்தது. மகள் கட்டியது இது:

தொட்டிக்குள்ள மொட்டைப் பூதம்
பட்டப் பகலில் தூங்கும் பூதம்
ராத்திரி ஊன்னு அழுகும் பூதம்
மூக்கு ஒழுகுது, துண்டு தாங்க!

நாலாவது வரியும் 'பூதம்' என்று முடிந்தால் நன்றாக இருக்குமே என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். "மாத்துனா அதுக்குச் சளி சரியாயிரும்ப்பா" என்றாள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் கீழே டீக்கு இறங்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு சிக்கல். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும்போது கருப்பசாமி வேடத்தில் சல்லடம் என்கிற குட்டைக் கால்சட்டை கட்டித் திரி எடுத்து ஆடி வருகிறவர்களைப் பார்த்து ஒரு சின்னப் பையன் அலறியிருக்கிறான், அதைப் பாட்டாக்கப் போகிறேன் என்றான். அவன் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது, "கருப்பசாமியை வச்சு விளையாடக் கூடாது தம்பி" என்றார். அவர் சொல்வதும் சரிதானே. அக்கா வாதாடவில்லை. "சாமியை விட்ரலாம், அவர் கால்ல கட்டியிருந்தது என்ன?" என்று கேட்டார். சலங்கை. பையன் சலங்கையைப் பற்றியே எழுதினான், தூங்கவே தெரியாத சலங்கை, ஆற்றில் இறங்கினால்தான் வாயை மூடும் என்று. அப்பாவே இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். இந்தப் பக்குவத்துக்கே 800 ரூபாய் தகும்.

குறை இல்லாமல் இல்லை. தகரக் கூரை, பத்தரைக்கு மேல் வெயில் தாங்காது, ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் அக்கா பக்கம். கடைசி நாள் பாதி நேரம் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுப்பதிலேயே போனது. பாட்டுகளைத் தொகுத்து ஜெராக்ஸ் போட்ட புத்தகத்தில் 'பூதம்' மூன்று இடத்தில் 'பூதாம்' என்று இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம், எழுத முடியாமல் அழுகிறார்கள். தண்ணீர் பாட்டில் இரண்டாகக் கொடுத்து அனுப்புங்கள். வகுப்பு முடிந்த சூட்டில் புது நத்தம் சாலைக்குப் போய், 2023 ஜூலையில் திறந்தார்களே, அந்தக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக் குழந்தைகள் பிரிவில் உட்கார்ந்தோம், பாட்டுப் புத்தகமாகத் தேடித் தேடி எடுத்தாள்.

பயம் போய்விட்டதா என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். போகவில்லை. நேற்றும் நான்கு மணிக்கு மோட்டார் போட்டதும் எழுந்து விளக்கைப் போடச் சொன்னாள். கழுத்தைக் கட்டவில்லை. கொடிக்கயிற்றைப் பார்த்துவிட்டு, "துண்டு காஞ்சிருச்சாப்பா?" என்றாள்.