ஹாக்கி பக்கா, ஃபுட்பால் பந்தா? வர்ணனைத் தொழிலில் எதைப் பிடிப்பது

வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி, அமெரிக்கன் ஃபுட்பால் இரண்டையும் ஒரே ஆள் வர்ணிப்பது புதிதல்ல. கென்னி ஆல்பர்ட் பல ஆண்டுகள் வாரநாளில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஹாக்கி ஆட்டத்தை ரேடியோவில் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஃபாக்ஸ் டிவியில் என்.எஃப்.எல். (தொழில்முறை ஃபுட்பால் லீக்) ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தவர். வெளியே இருந்து பார்த்தால் ஒரே வேலை. உள்ளே இறங்கினால் ஹாக்கி கண்ணுக்கும் நாக்குக்கும் வைக்கும் பரீட்சை. ஃபுட்பாலில் பாதி வேலை வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

ஹாக்கியில் களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். ஆனால் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறிவிடுவார்கள். குனிந்து தாளைப் பார்த்தால் தொலைந்தோம். அணிக்கு 20 பேர்: மூவர் மூவராக நான்கு வரிசை, மூன்று தடுப்பு ஜோடி, இரண்டு கோல்கீப்பர். அத்தனையும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்அப்பில் பக்கை, அதாவது ஹாக்கியின் ரப்பர் வட்டைத் தொடுகிறவர் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவார்கள். ஹெல்மெட் இருப்பதால் முகம் உதவாது. மட்டையை இடப்பக்கம் பிடிக்கிறாரா வலப்பக்கமா, சறுக்கும் தோரணை எப்படி, இவைதான் அடையாளம்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பாஸையும் சொல்லிவிடத் துடிப்பார்கள். நாக்கு பக்குக்கு இரண்டு பாஸ் பின்னால் போய்விடும். அரங்கம் கத்திய பிறகுதான் இவர் கோல் என்பார். நடு மண்டலப் பாஸ்களைத் தயங்காமல் விட்டுவிட்டு, தாக்கும் பகுதி தொடங்கும் நீலக்கோட்டில் ஆட்டத்தைப் பிடித்துக்கொள்வதே சரி. குரலையும் நடு மண்டலத்தில் கீழே வைத்தால்தான் கோலுக்கு ஏற இடம் மிஞ்சும். வலைக்கு முன் கூட்டமாக நின்று யார் மட்டையிலோ பட்டுப் போன கோலா? முதலில் ‘கோல்’ என்று மட்டும் சொல்லுங்கள், பெயர் ரீப்ளேவுக்குப் பிறகு.

ஃபுட்பாலில் ஒரு ஆட்ட நகர்வு சில நொடிகளில் முடியும். அடுத்ததைத் தொடங்க 40 நொடி வரை கடிகாரம் ஓடும். மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து உண்மையில் நகர்வது சுமார் 11 நிமிடம்தான். அந்த இடைவெளி, கூட உட்காரும் ஆட்ட நிபுணர் பேசுவதற்கானது. வர்ணனையாளர் பந்து கிளம்புமுன் எத்தனையாவது டவுன் (முன்னேறக் கிடைக்கும் முயற்சி), எத்தனை கஜம் தேவை, எந்தக் கோடு என்று சொல்லியிருக்க வேண்டும். முடிந்ததும் யார் கொண்டுபோனார், எத்தனை கஜம், யார் மடக்கினார். பேச்சு நீண்டு அடுத்த ஸ்நாப்பின் (பந்து கிளம்பும் நொடி) மேல் விழுந்தால் எல்லாம் குழம்பும்.

இதற்கான ஆயுதம் ஸ்பாட்டிங் போர்டு. ஒரு அட்டையில் தாக்கும் 11 இடங்கள், எதிரே தடுக்கும் 11 இடங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் ஆள், மாற்று ஆள், எண், உயரம், எடை, கல்லூரி. இதை நிரப்பவே வாரத்தில் பல மணி நேரம் போகும். பக்கத்தில் நிற்கும் உதவியாளரான ஸ்பாட்டர், மடக்கியவரின் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டுவார். ஹாக்கியில் அந்த விரலைப் பார்க்க நேரமேது! பெரிய ஆபத்து, நடுவர் விதிமீறலுக்கு வீசும் மஞ்சள் கொடி: டச்டவுன் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் பார்த்தால், 30 கஜம் பின்னால் கொடி கிடக்கும்.

வாய்ப்புக் கணக்கில் ஹாக்கியே மேல். ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல். சிறு லீக்குகளில் ஒரு சீசனில் அணிக்கு 72 ஆட்டம். பள்ளி ஃபுட்பாலில் வெள்ளிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு கிடைத்தால் பெரிது. வர்ணனையாளர் மைக் எம்ரிக் 1973-ல் போர்ட் ஹூரோன் சிறு லீக் அணியில் தொடங்கி, 2020-ல் ஓய்வு பெறும்வரை ஹாக்கியில்தான் பெயர் வாங்கினார், இடையில் என்.எஃப்.எல். ஆட்டங்களும் சொன்னார். ஆனால் சிறு லீக்கில் பெரும்பாலும் தனி ஆள். பக்கத்தில் நிபுணர் இல்லை, பத்திரிகைக் குறிப்பு எழுதுவதும் உங்கள் தலையில், இரவெல்லாம் அணி பஸ்ஸில் பயணம்.

வீட்டில் பழகுவதிலும் வித்தியாசம் இருக்கிறது. ஃபுட்பாலை டிவி ஒலியை அடக்கிவிட்டுச் சொல்லிப் பார்க்கலாம். ஹாக்கியில் அது அரைகுறைதான்: கேமரா பக்கோடு போய்விடும், பெஞ்சில் யார் ஏறி இறங்கினார் என்பது தெரியாது. அரங்கின் கடைசி வரிசையில் டிக்கெட் வாங்கி, செல்போனில் பதிவு செய்தபடி முழு 20 நிமிடப் பீரியடையும் சொல்லிப் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.