லிப்ரே ஆபிஸ்: ஓர் அச்சுக்கோப்புக் கடையின் மேசையிலிருந்து

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரை ஒட்டிய ஒரு சந்தில் அச்சுக்கோப்பும் நகலெடுப்பும் செய்யும் சிறிய கடை எங்களுடையது. திருமண அழைப்பிதழ், கருமக்கிரியை அறிவிப்பு, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நிரல், கோயில் திருவிழா மலர் என வரும் வேலைகள் அனைத்தையும் இரண்டு ஆண்டுகளாக லிப்ரே ஆபிஸ் என்ற விலையில்லா அலுவலக மென்பொருள் தொகுப்பில்தான் செய்துவருகிறோம். அதற்கு முன்பு மாதச் சந்தா கட்டி வேறொரு மென்பொருளை வைத்திருந்தோம். தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் எங்கள் கடன் அட்டை காலாவதியானதை நான் கவனிக்கத் தவறியதால் சந்தா நின்றுபோனது. நாங்களே தட்டிய கோப்புகளைத் திறந்து பார்க்க முடிந்ததே ஒழிய, ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியவில்லை. அன்றிரவே லிப்ரே ஆபிஸை இறக்கி நிறுவினேன். இப்படி அவசரத்தில் வந்து சேர்ந்தவன் எழுதும் மதிப்பீடு இது.

இதன் பூர்வீகத்தை அறிந்துகொள்வது நல்லது. ஜெர்மனியில் உருவான ஸ்டார் ஆபிஸை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, மறு ஆண்டு ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் அதன் மூலநிரலை யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று திறந்துவிட்டது. 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனதும், அந்த நிரலை எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் டாக்குமென்ட் பவுண்டேஷன் என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, நிரலின் ஒரு பிரதியோடு தனிக்குடித்தனம் போனார்கள். அந்தப் பிரதிதான் லிப்ரே ஆபிஸ். முதலாளி மாறியும் மென்பொருள் சாகாமல் பிழைத்ததற்கு உரிமத்தில் அந்த அனுமதி இருந்ததே காரணம். விலையில்லாமல் கிடைக்கும் மென்பொருள்கள் எத்தனையோ உண்டு. அவற்றைச் செய்தவர் கடையை மூடினால் அவையும் மூடிக்கொள்ளும். கட்டற்ற மென்பொருளில் அப்படி நேராது.

தண்ணீர்ப் பந்தலில் மோரை வாங்கிக் குடித்துவிட்டு உப்புக் குறைவு என்பவனைப் போல் நான் பேசக்கூடாதுதான். ஆனாலும் உப்புக் குறைவு என்பது உண்மை.

முதல் வாரத்தில் என்னைப் பைத்தியமாக்கியது எழுத்துருத் தேர்வு. எங்கள் அழைப்பிதழ்களில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே பக்கத்தில், பல நேரம் ஒரே வரியில் வரும். லிப்ரே ஆபிஸ் தமிழை ‘சிக்கலான உரை அமைப்பு’ என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. ஒரு பாணியில் (எழுத்துரு, அளவு முதலியவற்றைச் சேர்த்துப் பெயரிட்டு வைக்கும் தொகுப்பு அது) இலத்தீன் எழுத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழுக்கு வேறோர் எழுத்துருவும் அளவும் தனித்தனியே அமைக்கவேண்டும். இதை அறியாமல், பாணியில் அளவை 14 ஆக்கியும் மாப்பிள்ளையின் பெயர் 10-லேயே நிற்பதைப் பார்த்து, மென்பொருள் பழுதென்று முடிவுகட்டி இரண்டு முறை அழித்து மீண்டும் நிறுவினேன். மொழி அமைப்புகளில் அந்த வசதியைச் செயல்படுத்தி, இயல்பு மொழியாகத் தமிழைக் குறித்து, இரு பகுதிகளையும் நிரப்பிய பிறகு இதுவே வரமாகிவிட்டது. தமிழ் எழுத்து அதே அளவு ஆங்கில எழுத்தைவிடப் பருத்துத் தெரியும் என்பது அச்சுக்கோப்பவர் அனைவருக்கும் தெரியும். இப்போது தமிழை 11-இலும் மலாயை 12-இலும் ஒரே பாணிக்குள் வைத்துவிடுகிறேன், தட்டத் தட்டத் தானாக மாறிக்கொள்கிறது. 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லாக் கணினிகளிலும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல எழுத்துவடிவாக்கியே எழுத்துகளைக் கோப்பதால், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் பழைய அவலத்தை இங்கே நான் கண்டதில்லை.

வெளியிலிருந்து வரும் கோப்புகள் வேறு கதை. காலிப்ரி எழுத்துருவில் தட்டிய ஆங்கிலப் பகுதி, அதே அகலத்தில் வரையப்பட்ட கார்லிட்டோவுக்கு மாறி அடக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. ஆசிரியர்கள் விண்டோஸின் லதா எழுத்துருவில் தட்டி அனுப்பும் தமிழோ எங்கள் லினக்ஸ் கணினியில் வேறு எழுத்துருவுக்கு மாறி, ஒரு பக்கக் கடிதம் ஒன்றேகால் பக்கமாகிவிடுகிறது. ஆகவே கடைக்கென்று நோட்டோ, கேட்டமரன் ஆகிய திறந்த உரிம எழுத்துருக்களை வைத்துக்கொண்டோம். அடிக்கடி வரும் வாடிக்கையாளர்களுக்கும் அவற்றையே நிறுவித் தருகிறோம். உரிமம் அதை அனுமதிப்பதால் திருட்டுப் பயமில்லை.

எனக்கு இதன் மேல் மதிப்பு உண்டானது பழைய கோப்புகளால்தான். அப்பா காலத்தில் பக்க வடிவமைப்புக்குப் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகள் ஒரு பெட்டி நிறையக் குறுந்தகடுகளில் கிடந்தன. 2001-இல் வந்த 7.0 பதிப்போடு பேஜ்மேக்கரின் கதை முடிந்துவிட்டது; எங்களிடம் உள்ள எந்தக் கணினியிலும் அது இப்போது ஓடாது. லிப்ரே ஆபிஸில் படம் வரைவதற்கான டிரா செயலி அந்தக் கோப்புகளில் பலவற்றைத் திறந்தது. தமிழ் மட்டும் ரோமன் எழுத்துக் கூளமாகத் தெரிந்தது, ஏனென்றால் அக்காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஏமாற்றித்தான் தட்டினோம். ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நிரல் தொகுப்பில் உள்ள மாற்றியைக் கொண்டு அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு கோப்பையும் கையால் சரிபார்க்க வேண்டியிருந்தது, படங்கள் சில இடம் பெயர்ந்தன. ஆனாலும் அப்பா அச்சுக்கோத்த மலர் ஒன்றை மீண்டும் திருத்தக்கூடிய வடிவில் பார்த்தேன்.

இனி எங்கள் கோப்புகளுக்கு அந்தக் கதி வராது என்று நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. லிப்ரே ஆபிஸின் இயல்பு வடிவமான ஓடிஎஃப் 2006-இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. அதன் இலக்கணத்தை யாரும் படிக்கலாம். அந்த வடிவில் சேமித்த உரைக்கோப்பான ஓடிடியின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே ‘கண்டென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதைச் சாதாரண உரைத்திருத்தியில் திறந்தாலே, குறியீடுகளுக்கு நடுவே ‘நிகழும் மங்களகரமான’ என்று அழைப்பிதழ் வாசகம் அப்படியே தெரியும். வாடிக்கையாளருக்கு மெய்ப்பு அனுப்பும்போது, பிடிஎஃப்புக்குள்ளேயே மூலக்கோப்பையும் பொதிந்து ஏற்றுமதி செய்யும் வசதி எங்களுக்கு மிகவும் உதவுகிறது. மூலத்தைத் தொலைத்துவிட்டாலும் பிடிஎஃப்பைத் திறந்து திருத்தலாம்.

குறைகளில் பெரியது வண்ணம். ஆஃப்செட் அச்சுக்கு வேண்டிய நான்கு வண்ணப் பிரிப்பில் இது பிடிஎஃப் தருவதில்லை. மேலட்டையை மட்டும் ஸ்கிரைபஸ் என்ற மற்றொரு திறமூல மென்பொருளில் செய்கிறோம். தமிழ்ச் சொற்பிழை திருத்தியை நம்பவேண்டாம். ‘வருகைதந்து’ என்ற சொல்லையே சிவப்புக் கோடிட்டுக் காட்டும் பட்டியல் எதற்கு?

சென்ற தைப்பூசத்துக்கு, தண்ணீர்மலைக்குப் போகும் பக்தர்களுக்கு வழங்கவென ஒரு குழு கேட்ட திருப்புகழ்ச் சிறுநூலை முழுக்க இதில் கோத்தோம். பாடல்களை மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்தேன். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டியும் மெய்ப்புப் பார்த்தும் சேர்த்துவரும் மின்னூல் களஞ்சியம் அது. 40 பக்கத்தைத் தட்டும் வேலை எங்களுக்கு மிச்சமானது. சீர் பிரிப்பையும் அடி உடைப்பையும் மட்டும் ஓர் ஓதுவாரோடு உட்கார்ந்து ஒப்பிட்டோம். அங்கே ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் உழைத்தவர் பெயர், ஊரோடு ஒரு குறிப்பு இருக்கும்: இந்த முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் வைத்திருந்தால் கோப்பை யாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம்.

மெய்ப்பைப் புரட்டிய குழுத் தலைவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். “ஏன் தம்பி, நம்ப முருகன் புத்தகத்துல சுவிட்சர்லாந்து முகவரி எதுக்கு? இந்த எடத்துல பூக்கடை விளம்பரம் போட்டா இருநூறு வெள்ளி வரும்.”

“அவங்க கேக்கிற கூலியே அது ஒண்ணுதாங்க ஐயா” என்றேன்.

கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூக்கடை விளம்பரம் பின்னட்டைக்குப் போனது, அங்கே இருநூற்றைம்பது கேட்டாராம்.